பெஞ்சில் வைத்த பொட்டலம்

இல்லை அக்கா, நீங்களே சொல்லுங்கள். வழியனுப்ப வந்தவள் சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பாளா, பெஞ்சில் வைப்பாளா? நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்? எறணாகுளத்தில் ரயில் வருவதற்கு முன்னால், அந்தச் சிமெண்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில். நான் கையை நீட்டினேன். நீட்டின கையைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைக் கொண்டுபோய் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, "எடுத்துக்கோட்டி" என்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நாய்க்குப் பிஸ்கட் போடுகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் பிரியமாகப் போடுவார்கள்.

பிரிக்க மாட்டேன். பசி இல்லை என்று சொல்லவில்லை. மத்தியானம் ஒரு டீயும் பழம்பொரியும் தின்றதுதான். ஆனாலும் பிரிக்க மாட்டேன். தூத்துக்குடி வரைக்கும் இப்படியே மடியில் வைத்துக்கொண்டு போய், இறங்கினதும் குப்பைத் தொட்டியில் போடுவதாக இருக்கிறேன். நீங்கள் தென்காசியில் இறங்கிவிடுவீர்கள், பார்க்க முடியாது. அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அவள் பெயர் ஜெனோவா. எட்டாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்ச். பேச்சுப்போட்டி என்றால் அவள் ஒட்டி, நான் வெட்டி. எந்தத் தலைப்பாக இருந்தாலும் வெட்டித்தான் பேசுவேன் என்று வாங்கிக்கொள்வேன், அதில்தான் எனக்கு வேகம். "இசக்கி, நீ கல்யாண வீட்டுக்குப் போனாலும் எதிர்த்துத்தான் பேசுவ" என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்வார்கள். இப்போது நான் எம்.ஏ. சமூகவியல் கடைசி வருஷம். அவள் டிகிரியோடு நிறுத்திவிட்டு, கொச்சியில் ஊர் சுற்றிக் காட்டுகிற ஒரு சின்ன கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பயிற்சிக்கு. இந்த வார்த்தையைக் கவனியுங்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்து, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூத்துக்குடியில் அதே வேலையைத் தொடங்குவதாகத்தான் ஏற்பாடு. பழைய துறைமுகம், மாலத்தீவுக்குப் போகிற தோணிகள், கிரேட் காட்டன் ரோட்டில் இருக்கிற பழைய சரக்குக் கிட்டங்கிகள், உப்பளம், கடைசியில் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்து அனுப்புவது. எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிப்பது என்று காலேஜுக்கு நடந்து நடந்தே தீர்மானித்து வைத்திருந்தோம்.

இப்போது அந்தக் கம்பெனி அவளை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதாவது நாளைக்கு. கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். தனியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

ஊரைப் பற்றிக் கேட்கிறீர்களா? உங்கள் மகள் அங்கே படிக்கிறாள், உங்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போவதில்லை. அப்படி என்ன இருக்கிறது அங்கே? துறைமுகம் இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது. உரக் கம்பெனி, எங்களுக்கும்தான். போர்த்துகீசியன் வந்தான், டச்சுக்காரன் வந்தான், அதே ஆட்கள் எங்களிடமும்தான் வந்தார்கள். மழை கூடுதல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவர்கள் உழைத்துச் சம்பாதித்ததா?

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கிகள் இருக்கின்றன இல்லையா, அதில் பாதி இப்போது காப்பிக்கடை, பாதியில் ஓவியம் மாட்டியிருக்கிறார்கள். காரை பெயர்ந்த சுவரை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு ஒரு மஞ்சள் விளக்கு. ஆட்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் கிட்டங்கி இடிந்தால் அது இடிந்த கிட்டங்கி. அங்கே இடிந்தால் கலை. எங்கள் சுவர்களும் இதே மாதிரிதான் பெயர்ந்திருக்கின்றன அக்கா, இன்னும் நன்றாகவே பெயர்ந்திருக்கின்றன. ஒருத்தன் விளக்குப் போட்டானா?

அப்புறம் அந்தப் படகு. ஹைகோர்ட் பக்கத்தில் ஏறினால் ஃபோர்ட் கொச்சியில் இறக்கிவிடுகிறது. உள்ளே ஏசி. சத்தமே கிடையாது, புகை கிடையாது, எல்லாம் கரண்டில் ஓடுகிறது. பெரிய பெரிய கண்ணாடி. இந்தப் பக்கம் சரக்குக் கப்பல் நிற்கிறது, அந்தப் பக்கம் ஒரு ஆள் குட்டி வள்ளத்தில் நின்றுகொண்டு வலை வீசுகிறான், நடுவில் நாம் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்து போகிறோம். டவுன் பஸ் மாதிரி டிக்கெட். என்னை மாதிரி ஜெனரல் பெட்டியில் வந்தவளுக்கும் அதே சீட். இது என்ன நியாயம்? கடல் எங்களிடம் இல்லையா? எங்கள் முயல் தீவுக்கு இப்படி ஒன்று விட்டால் என்ன? நான் அதில் மூன்று நான்கு தடவை போய்வந்தேன். ஆசையில் இல்லை. குறை கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடித்தேன்: கொஞ்சம் மெதுவு.

தங்கினது பெண்கள் விடுதியில். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், எனக்கு மேல் கட்டில். ஜெனோவின் அறையில் தங்குவதாகத்தான் இருந்தது. வந்து இறங்கின பிறகு, "ரூம்ல ஷிஃபானாவும் இருக்கா, மூணு பேரும் அட்ஜஸ்ட் பண்ணிப் படுத்துக்கிடலாம்" என்றாள். அட்ஜஸ்ட்! நான் ஒருவருக்கும் இடைஞ்சலாக இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுக்கை எடுத்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பூனாக்காரி. எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். எத்தனை மேடை ஏறியிருக்கிறேன், வாயில் முதலில் வந்தது அனல் மின் நிலையம். அவள் "ஓ" என்றுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் படுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. யாரிடம் சொல்ல?

மறுநாள் காலையில் ஜெனோ வேலை செய்கிறதைப் பார்க்கப் போனேன். ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு முன்னால் நடக்கிறாள். இங்கிலீஷ், இடையிடையே மலையாளம், நம் ஆட்களுக்குத் தமிழ். பள்ளிக்கூடத்தில் மைக்கைப் பிடித்தால் மனப்பாடம் செய்ததையே மறந்துவிடுகிறவள். ஒரு கிட்டங்கிச் சுவர் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, "கண்ண மூடிட்டு இந்தச் சுவர மோந்து பாருங்க" என்றாள். மோந்து பார்த்தவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது. சுக்கு! இத்தனை வருஷம் கழித்தும் சுக்கு வாசம்! ஒரு வெள்ளைக்காரர் கன்னத்தையே சுவரில் வைத்துவிட்டார்.

அக்கா, அது என் யோசனை. எங்கள் ஊரில் கருவாட்டுக் கிட்டங்கி ஒன்று இருக்கிறது, அதன் சுவரை மோந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நான்தான் காலேஜ் நாளில் சொன்னேன். அப்போது இவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது எடுத்து அங்கே வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வெள்ளைக்காரர் இது எப்படித் தோன்றியது என்று கேட்டார். "எங்க ஊர்ல ஒருத்தி சொல்லிக் குடுத்தது. அவ அளவுக்கு யோசிக்க எனக்கு வராது" என்கிறாள். ஒருத்தியாம்! நான் நாலடி தள்ளி நிற்கிறேன், பெயர் சொல்லக்கூடாதா? இவள்தான் அவள் என்று கையைக் காட்டக்கூடாதா? காட்டியிருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது, அது வேறு விஷயம்.

சரி, ஷிஃபானா. அந்தப் பெண்ணைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்கிற மாதிரி ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் அவளிடம் பெரிய தொல்லை. எனக்காக வேலைக்கு லீவு போட்டிருந்தாள். தமிழ்ப் படம் பார்த்துப் பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டாளாம். "இசக்கீ, ஜெனோ எப்பவும் உங்களப் பத்தித்தான் பேசும். இசக்கி இப்படிச் சொல்லும், இசக்கி இதுக்குச் சம்மதிக்கில்லா, எப்பவும் இசக்கி, இசக்கி. கேட்டுக் கேட்டு எனக்குப் போரடிச்சு" என்று சிரிக்கிறாள். என்னைப் பற்றிப் பேசிப் பேசி போரடித்துவிட்டதாம், என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அதுவும் ஜெனோ என்கிறாள். ஜெனோவா என்ற பெயரை ஜெனோ என்று சுருக்கினவள் யார்? நான். எட்டாம் வகுப்பில், கணக்குப் பாட நேரத்தில்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஜெனோ புது அறைக்குக் குடிபோயிருக்கிறாள் என்றதும் எங்கம்மா ஒரு பை கல் உப்பு கட்டிக் கொடுத்தார்கள். புது இடத்துக்கு முதலில் உப்பு போக வேண்டும் என்று. எங்கள் தெருவில் உப்பளத்து உப்புதான், கடை உப்பு கிடையாது. கொடுக்கும்போதே, "கையில குடுத்திராத, கீழ வையி, அவ எடுத்துக்கிடட்டும்" என்றார்கள். உங்கள் பக்கமும் இது உண்டுதானே? உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவளுக்கும் வாங்கினவளுக்கும் சண்டை வரும். உப்பிலேயே பிழைக்கிற ஊர், அளத்தில் கூடை கூடையாக ஆள் மாற்றி ஆள் தலையில் தூக்கிக் கொடுக்கிறார்கள், அப்போதெல்லாம் சண்டை வராதாம். வீட்டுக்குள் ஒரு சிட்டிகை கொடுத்தால் வருமாம். இதை வைத்தே நான் ஒரு மேடையில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது.

ஆனால் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை அல்லவா? ஊர் காட்டி முடித்து அவள் அறைக்குப் போனதும் பையைப் பிரித்து ஜெனோவின் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன். "ஷிஃபானாவுக்கும் கொஞ்சம் அள்ளிக் குடுட்டி, கையில குடு" என்றேன். சும்மா ஒரு ஆய்வு மாதிரி. இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறார்கள், வருமா வராதா என்று தெரிந்துகொள்ளலாமே.

அந்த ஷிஃபானா என்ன செய்தாள் தெரியுமா? நீட்டின கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டு, "அய்யோ வேண்டா, தாழ வெய்க்கணும்! கையில் வாங்கினால் சண்டை வரும். ஜெனோ சொல்லியிருக்கு" என்றாள். ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். ஜெனோ சிரித்துக்கொண்டே அதில் போட்டாள். இரண்டு பேரும் பழகின கையாகச் செய்கிறார்கள், தினமும் சமையலில் அப்படித்தான் போல.

நடுவர் அவர்களே, மன்னியுங்கள், அக்கா, எங்கள் ஊர்ப் பழக்கத்தை எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள்! எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், பையிலிருந்து ஒரு கை உப்பை அள்ளினேன். ஜெனோவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கி மூடினேன். "படிச்சவதான நீ? இந்தப் பேச்செல்லாம் இன்னுமா நம்பிக்கிட்டிருக்க? இந்தா, என்ன சண்டை வருதுன்னு பாப்போம்" என்றேன். மூடநம்பிக்கையைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். ஷிஃபானா வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். ஜெனோ மூடின கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்க வேண்டாம், கல் உப்பு குத்தும். அப்புறம் போய் அடுப்படியில் டப்பாவில் கொட்டிவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சண்டை வந்தது. உப்பினால் இல்லை. அவளால்.

சீனவலை போட்டிருக்கிற கடற்கரையில் நின்றுகொண்டிருந்தோம். ஷிஃபானா ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தாள். நான்தான் தொடங்கினேன்.

"என்னட்டி முடிவு பண்ணிருக்க? நாளைக்கு எங்கூட வாரியா இல்லையா?"

"தெரியலட்டி. இங்க நான் பேசுனா கேக்குறாங்க. நம்ம ஊர்ல நம்ம ரெண்டு பேரும்தான் பேசுனோம், நம்ம ரெண்டு பேரும்தான் கேட்டோம்."

"அது போதாதாக்கும்?"

வலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு அவள் கோபம் தெரியும், கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். "வந்ததுல இருந்து நீ ஒண்ணுகூட நல்லாருக்குன்னு சொல்லல. டீ தண்ணியா இருக்கு. பழம்பொரி எண்ணெ. படகு மெதுவு. சுவரு நடிப்பு. ஷிஃபானா உனக்குன்னு மீன் வாங்கிட்டு வந்து பொரிச்சா, முள்ளு அதிகம்னுட்ட. மீனுக்கு முள்ளு இல்லாம?"

"இருந்ததச் சொன்னேன்."

"நாம என்ன தொழிலுட்டி செய்யப்போறோம்? வெளியூர்க்காரன கூட்டிட்டு நடக்கணும். நம்ம ஊர காட்டுனா அவன் அவன் ஊரப் பத்திச் சொல்லுவாம்லா. அதக் கேட்டு, அப்படியா, நல்லாருக்கேன்னு சொல்லணும்லா. ஒனக்கு அது வருமா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணு நல்லாருக்குன்னு சொல்லு இசக்கி. நா வேலைய வேண்டாம்னுட்டு ஒங்கூட ரயிலேறி வந்துருதேன். மாதா மேல சத்தியமா."

படகு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. மூன்றெழுத்து. அந்த நேரம் பார்த்து ஷிஃபானா மூன்று கோன் ஐஸ்கிரீமோடு வந்து நிற்கிறாள், உருகி முழங்கை வரைக்கும் வழிகிறது, எனக்குத்தான் முதலில் நீட்டுகிறாள். அவள் முன்னால் எப்படி அக்கா சொல்வது? தோற்றுப்போன மாதிரி ஆகாதா? "நம்ம ஊர் மாதா கோவில் தேருக்கு வார கூட்டத்துல கால்வாசிகூட இங்க இல்ல" என்றேன். அது உண்மைதான். உண்மையைத்தான் சொன்னேன்.

ஜெனோ தலையை ஆட்டினாள். "சரிட்டி" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இன்றைக்கு ஸ்டேஷனில்தான் பார்த்தேன். வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். பையில்லாமல் வந்தாள். கையில் இந்தப் பொட்டலம் மட்டும். அதையும் பெஞ்சில் வைத்தாள்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் தின்றவளுக்கு, கையில் கொடுக்க மனசு வரவில்லை. விரல் பட்டுவிடுமோ என்று பயம் போல. எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. இது ஜன்னல் தூசி.

இல்லை, நீங்கள் சாப்பிடுங்கள். எனக்கு வேண்டாம். உங்கள் சப்பாத்தியை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் எப்படி... என்ன, இதைப் பிரிக்கச் சொல்கிறீர்களா? சோறு என்ன பாவம் செய்தது என்றால்? சோறு ஒன்றும் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சரி, ஒன்று செய்கிறேன். நான் தின்ன மாட்டேன், நீங்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கயிற்றை எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறாள் பாருங்கள், பள்ளிக்கூடத்து முடிச்சு.

எலுமிச்சைச் சோறு. உருளைக்கிழங்கு. இரண்டு அவித்த முட்டை. ஒன்று போதாதா, இரண்டு வைத்திருக்கிறாள். எனக்கு உப்பு இல்லாமல் முட்டை இறங்காது, அதுகூட ஞாபகம் இல்லாமல்...

இருங்கள். மூலையில் ஏதோ காகிதம் மடித்து வைத்திருக்கிறாள்.

உப்பு.

எங்கம்மா கொடுத்த உப்பு அக்கா. கல்லைத் தட்டிப் பொடித்து, மிளகு சேர்த்திருக்கிறாள்.

அதனால்தான் பெஞ்சில்...

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றேனே. நீங்கள் ஒரு முட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, இல்லை, கையை நீட்டாதீர்கள். உப்பை இப்படி உங்கள் சப்பாத்தி டப்பா மூடிமேல் வைக்கிறேன், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையெல்லாம் கிடையாது. எதற்கு வம்பு என்றுதான்.

அடுத்தது கொல்லம்தானே? புனலூர் தாண்டி மலைக்குள் போய்விட்டால் டவர் கிடைக்காது என்கிறார்களே, அதற்குள் ஒரு போன் பேசிவிடலாமா? இந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.